‘இந்த சம் வரலை’ என்று கேட்கும்முன்: பொறியியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு தொடங்கிச் சில வாரங்களிலேயே அணிகளும் (matrices) நுண்கணிதமும் ஒரு பக்கம், இயற்பியல் மறுபக்கம் என்று நெருக்கத் தொடங்கிவிடும். அப்போது சீனியரிடமும் ஆசிரியரிடமும் மாணவர்கள் அடிக்கடி சொல்வது, “இந்த சம் வரலை” என்பதுதான். அப்படிச் சொல்வதில் குற்றமில்லை. கேள்வி அத்தோடு நின்றுவிடுவதுதான் குறை. எதிரில் இருப்பவர் கணக்கை முதலிலிருந்து தாமே போட்டுக் காட்டுவார், மாணவர் அதை நோட்டில் எழுதிக்கொள்வார், மாணவர் போன வழி எந்த வரியில் பிசகியது என்பது இருவருக்கும் தெரியாமலே போய்விடும். இன்டர்னல் தேர்வில் அதே பிசகு அதே இடத்தில் மறுபடி வரும்.

தாம் போட்டுப் பார்த்ததைக் காட்டாமல் கேட்பதையே எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுகிறேன். தப்பும் தவறுமாக இருக்கிறதே என்று வெட்கப்பட்டு அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிடுகிறார்கள். உதவி செய்ய வருபவருக்கு வேண்டியதோ அந்தத் தாள்தான். முதல் வரிசையில் 4, 1 என்றும் இரண்டாம் வரிசையில் 2, 3 என்றும் உறுப்புகள் கொண்ட ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். இதன் ஐகன் மதிப்புகளை, அதாவது இந்த அணி சில வெக்டர்களை அவற்றின் கோட்டிலேயே வைத்து எத்தனை மடங்காக்குகிறது என்று காட்டும் எண்களை, காண வேண்டும். சிறப்பியல்புச் சமன்பாடு என்ற இருபடிச் சமன்பாட்டின் மூலங்களே அவை. அந்தச் சமன்பாட்டுக்கு வேண்டிய அணிக்கோவை (determinant) மதிப்பு 12 − 2 = 10. ஒரு மாணவர் குறியைத் தவறவிட்டு 14 என்று எழுதினால், சிறப்பியல்புச் சமன்பாட்டின் மூலங்கள் கலப்பெண்களாகிவிடும். அவர் தம் தாளைக் காட்டாமல், “ஐகன் மதிப்பு கலப்பெண்ணாக வந்தால் ஐகன் வெக்டரை எப்படிக் காண்பது?” என்று மட்டும் கேட்கிறார். கேட்கப்பட்டவர் நல்லவர், அரை மணி நேரம் செலவழித்து அதைச் சரியாகவே விளக்கிவிடுகிறார். உண்மையில் அந்தக் கணக்கில் கலப்பெண்ணுக்கு வேலையே இல்லை; ஐகன் மதிப்புகள் 2, 5 என்ற எளிய எண்கள். தடுமாறி நிற்கும் வரியைப் பற்றித்தான் நாம் கேட்கிறோம், தவறோ பெரும்பாலும் அதற்கு நாலு வரி மேலே உட்கார்ந்திருக்கிறது.

வினாவைச் சுருக்கித் தம் சொந்தச் சொற்களில் சொல்வதும் இதே வகைத் தவறுதான். பள்ளிப் படிப்பைத் தமிழ் வழியில் முடித்துவிட்டு வந்தவர்களுக்கு, ஆங்கில வினாவில் உள்ள சிறுசிறு அடைமொழிகள் அலங்காரம் போலத் தோன்றுவது இயல்பு. ஆனால் வழவழப்பான தளம் என்றால் உராய்வு இல்லை என்று பொருள். இலேசான கயிறு என்றால் கயிற்றின் நிறையைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று பொருள். ஓய்விலிருந்து என்றால் தொடக்கத் திசைவேகம் சுழி. இவற்றை விட்டுவிட்டுச் சொல்லப்படும் வினா வேறொரு வினா. கைபேசியில் படம் எடுத்து அனுப்புவோர் கடைசி வரியையும் பக்கத்தில் உள்ள படத்தையும் வெட்டிவிடாமல் அனுப்ப வேண்டும்.

இயற்பியலில் சூத்திரத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போவது தனி ஆபத்து. 30 டிகிரி சாய்தளத்தில் 5 கிலோ நிறையுள்ள பெட்டி ஒன்று ஓய்வில் இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.7, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொள்வோம். உராய்வு விசை எவ்வளவு? குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கு என்று யாரோ சொன்னதை வைத்து, 0.7 × 43.3 = 30.3 நியூட்டன் என்று பலர் எழுதுவார்கள். பெட்டியைக் கீழே இழுக்கும் விசையோ 25 நியூட்டன்தான். 30.3 என்பது உண்மையானால் பெட்டி தானாகவே மேட்டில் ஏறத் தொடங்க வேண்டும்! அந்தப் பெருக்கல் தருவது உராய்வு எட்டக்கூடிய உச்ச அளவை மட்டுமே. இங்கே உராய்வு 25 நியூட்டன். பெட்டியின் மீது செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் காட்டும் விசைப்படத்தை வரைந்து கையில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தால், பதில் சொல்பவர் அம்புக்குறிகளைப் பார்த்த மாத்திரத்தில் இதைச் சொல்லியிருப்பார்.

அலகும் அப்படியே. எலக்ட்ரானை அலையாகக் கொள்ளும்போது அதற்குள்ள டி பிராய் அலைநீளத்துக்கு ஒரு நண்பர் 12.27 என்ற மாறிலியைத் தருவார், இன்னொருவர் 1.227 என்பார். எலக்ட்ரானை முடுக்கும் மின்னழுத்தத்தின் (வோல்ட்டில்) வர்க்கமூலத்தால் வகுத்தால் முன்னது ஆங்ஸ்ட்ராமிலும் பின்னது நானோமீட்டரிலும் விடை தரும் என்பதால், இரண்டும் சரியே. ஒருவரிடம் எண்ணையும் மற்றவரிடம் அலகையும் வாங்கினால் விடை பத்து மடங்கு பிசகும்.

பலரிடம் ஒரே ஐயத்தைக் கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது குறிமரபு. வெப்பம், வேலை, அக ஆற்றல் மாற்றம் மூன்றையும் இணைக்கும் வெப்ப இயக்கவியலின் முதல் விதியில், வேலைக்கு முன்னால் வரும் குறியைப் பள்ளி இயற்பியல் நூல் கழித்தலாகவும் வேதியியல் நூல் கூட்டலாகவும் எழுதுகின்றன. முன்னது அமைப்பு செய்யும் வேலையையும் பின்னது அமைப்பின் மீது செய்யப்படும் வேலையையும் நேர்க்குறியாகக் கொள்கின்றன. 500 ஜூல் வெப்பத்தை ஏற்று 200 ஜூல் வேலை செய்யும் வாயுவின் அக ஆற்றல் எந்த மரபிலும் 300 ஜூல்தான் உயரும். ஒன்றிலிருந்து சூத்திரத்தையும் இன்னொன்றிலிருந்து குறியையும் எடுத்தால் 700 வந்து நிற்கும். சொல்லிக்கொடுத்தவர் எந்த மரபில் சொன்னார் என்று கேட்டுக்கொள்வது மரியாதைக் குறைவாகாது.

கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா டிகிரியில் இருக்கிறதா என்று பார்க்காமல் பிறரை எழுப்புவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சைன் 30க்கு 0.5 வராமல் −0.988 வந்தால் பொத்தானைத்தான் பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: நடை தெளிவாக இருப்பதாலேயே விடை சரியாகிவிடாது. கிடைத்த ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் அணியின் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகையும், பெருக்கினால் அணிக்கோவை மதிப்பும் வருகின்றனவா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

விளக்கம் கேட்டதும் ‘புரிந்துவிட்டது’ என்று நோட்டை மூடுவது கடைசித் தவறு. மறுநாள் ஓர் எண்ணையாவது மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். அதே பெட்டியை 40 டிகிரி சாய்வில் வைத்துப் பாருங்கள்: கீழே இழுக்கும் விசை சுமார் 32.1 நியூட்டன், உராய்வின் உச்ச அளவு சுமார் 26.8 நியூட்டன். பெட்டி வழுக்கத் தொடங்கிவிடும். எவ்வளவு முடுக்கத்தோடு என்று கேட்டால், வினாவில் தரப்பட்ட 0.7 இனி உதவாது. இயக்க உராய்வுக் குணகம் வேண்டும், அது தரப்படவில்லை. ஆசிரியரிடம் அடுத்த முறை எடுத்துச்செல்லத் தகுந்த ஐயம் இது.