ஜொகூர் பாருவுக்கு ரயிலா, பஸ்ஸா?

வெள்ளிக்கிழமை மாலை சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜொகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலத்தில் பஸ்ஸில் சிக்கியவர்களுக்கு இது பயன்படும். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவின் ஜே.பி. சென்ட்ரல் நிலையத்துக்கு ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயில் 5 நிமிடத்தில் அக்கரை சேர்ந்துவிடும். பஸ்ஸில் போனால் மூட்டை முடிச்சோடு இரண்டு முறை இறங்கி ஏற வேண்டும். ரயிலுக்கோ சிங்கப்பூர், மலேசியா இரண்டு குடிநுழைவுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். அக்கரையில் இறங்கி நேராக நடையைக் கட்டலாம்.

ஆனால் டிக்கெட் கிடைப்பதுதான் பாடு. வார இறுதி, பள்ளி விடுமுறை என்றால் மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்பியின் செயலியில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். போகும்போது 5 சிங்கப்பூர் வெள்ளி; திரும்பும்போது அதே 5, ஆனால் ரிங்கிட்டில்! பாதிக் காசுகூட இல்லை. அதனால் ஒரு வழிக்குத்தான் ரயில் என்றால் நான் திரும்பும் ரயிலையே பிடிப்பேன், அதுவும் கையில் அரிசி மூட்டை இருந்தால் கேட்கவே வேண்டாம். திரும்பும்போது மட்டும் சிங்கப்பூர் குடிநுழைவு உட்லண்ட்ஸில் இறங்கிய பிறகுதான், கடப்பிதழைப் பையின் அடியில் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், அரை மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். ரயில் நமக்காகக் காத்திருக்காது. தவறவிட்டால் மறுபடியும் பஸ் வரிசைதான்.