கிண்டிலில் வெளிப் புத்தகங்களை ஏற்றுவது எப்படி?

மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் வைத்திருந்தால் அமேசான் கடையில் வாங்கியதை மட்டும்தான் படிக்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். பூட்டு கருவியில் இல்லை, கடையில் வாங்கும் பல புத்தகங்களில் இருக்கிறது. வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியையும் 2025 பிப்ரவரி 26 அன்று எடுத்துவிட்டார்கள். பூட்டில்லாத வெளிப் புத்தகங்களை உள்ளே ஏற்றத்தான் தடை எதுவும் இல்லை.

புத்தகத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம். மதுரை பெயரில்தான் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கியதிலிருந்து தட்டச்சு செய்பவர்கள் உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் புத்தகங்கள் ஈபப் என்ற பொதுவான மின்னூல் வடிவக் கோப்பாகவே கிடைக்கும்.

ஈபப் கோப்பை அப்படியே கிண்டிலின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் பட்டியலில் தெரியாது. கணினியில் காலிபர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, கோப்பை அதற்குள் இழுத்துப் போடுங்கள். 'எடிட் மெட்டாடேட்டா'வில் மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள். பிறகு 'கன்வர்ட் புக்ஸ்'. வலது மேல்மூலையில் கிண்டில் படிக்கும் ஏஇசட்டபிள்யூ3 வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். மதுரைத் திட்டத்தின் இணையப் பக்கத்தைச் சேமித்துப் போட்டாலும் இதே வழிதான். கிண்டிலைக் கேபிளில் இணைத்து 'சென்ட் டு டிவைஸ்' அழுத்தி, முறைப்படி எஜெக்ட் செய்துவிட்டுக் கழற்றுங்கள்.

கணினி கிண்டிலைக் கண்டுகொள்ளவில்லையா? முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். மலிவு கேபிள்களில் பல சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். கடையில் வாங்கும்போது 'டேட்டா கேபிள்' என்று கேட்டு வாங்குங்கள்.

கணினியே இல்லாதவர்கள் அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' வசதி வழியாக ஃபோனிலிருந்தே ஈபப்பை அனுப்பலாம். பழைய கிண்டில் வடிவமான மொபி கோப்பை இப்போது அது ஏற்பதில்லை. அனுப்பியது அமேசான் கணக்கில்தான் போய் உட்காரும் என்பதால் எங்கள் ஓட்டு கேபிளுக்கே.

பாடாய்ப் படுத்துவது பிடிஎஃப். மாற்றுவதற்கு முன் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால் பழைய எழுத்துருவில் அடித்தது. காலிபர் அதையே புத்தகமாக்கித் தரும். தமிழாக வந்தாலும் 'கொடி' என்பது 'ெகாடி' என்று கொம்பு முன்னால் போய் நிற்கலாம். இரண்டுமே மாற்றுவதற்கு லாயக்கில்லை, அதே நூலுக்கு ஈபப் தேடுவதுதான் மிச்சம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ளவை போன்ற ஸ்கேன் பக்கங்கள் 6 அங்குலத் திரையில் எறும்பு ஊர்ந்ததுபோலத் தெரியும். திரையைப் படுக்கைவாட்டில் திருப்பினால் ஓரளவு படிக்கலாம், டேப்லெட் இருந்தால் அதில் படிப்பதே கண்ணுக்கு நல்லது.

மாற்றி முடித்ததும் மூல ஈபப்பை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு கோபோ என்ற வேறு நிறுவன மின்னூல் கருவி வாங்கினால் அது ஈபப்பை நேராகத் திறக்கும். ஏஇசட்டபிள்யூ3 அங்கே செல்லாது.