ஜூரியில் இருக்கும்போது யாராவது நெருங்கினால் என்ன செய்வது

அமெரிக்காவில் ஜூரியில், அதாவது நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில், உட்கார அழைப்பு வந்து, கேள்விகளையெல்லாம் தாண்டித் தேர்வாகிவிட்டீர்கள், அதுவும் ஒரு பெரிய கம்பெனியின் தலைவிதியே தொங்கும் வழக்கு என்றால், முதல் நாளே ஒன்றை மனதில் வையுங்கள்: உங்களிடம் யாராவது வந்தால் அது லஞ்சமா, மிரட்டலா, சும்மா பேச்சா என்று தீர்மானிப்பது உங்கள் வேலை இல்லை. நீதிபதியிடம் சொல்வது மட்டும்தான் உங்கள் வேலை.

2024 ஜூனில் மினியாபொலிஸில் நடந்ததைப் பாருங்கள். கொரோனா கால உணவு உதவிப் பணத்தைச் சுருட்டியதாக ஏழு பேர் மீது வழக்கு, முடிவுக்கு வரும் நேரம். ஜூரியில் இருந்த ஒரு பெண் வீட்டில் இல்லாதபோது ஒருத்தி வந்து உறவினர் கையில் பரிசுப் பையைக் கொடுத்து, நிரபராதி என்று சொன்னால் இன்னும் வரும் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். உள்ளே 1,20,000 டாலர் ரொக்கம்! வீடு திரும்பிய அந்தப் பெண் உடனே போலீசை அழைத்தார். அவ்வளவு சரியாக நடந்துகொண்டும் மறுநாள் ஜூரியிலிருந்து விடுவிக்கப்பட்டார், பாவம். இந்த விஷயத்தைக் குடும்பத்தில் ஒருவர் மூலம் கேள்விப்பட்ட இன்னொரு ஜூரியையும் அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களைத் தீர்ப்பு வரும்வரை வீட்டுக்கே விடவில்லை.

அதனால், பை வந்தால் எண்ணிப் பார்க்காதீர்கள், அதைத் தொடாமல் அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். வந்தவர் முகம், வண்டி எண், நேரம், சொன்ன வார்த்தைகள், நினைவில் இருக்கும்போதே எழுதி வையுங்கள். மறுநாள் காலையில் ஜூரி அறைக்குள் நுழைந்து "நேற்று என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தீர்களோ, கெட்டது. மற்ற ஜூரிகளும் கறைபட்டுவிடுவார்கள். ஒரு சீட்டில் எழுதி நீதிமன்றக் காவலர் கையில் கொடுங்கள், அவர் நீதிபதியிடம் சேர்ப்பார். வீட்டிலும் வாயைத் திறக்காதீர்கள், இதுதான் ரொம்பக் கஷ்டம்.

சரி, யாரும் பேசவே இல்லை, பின்னால் ஒரு கார் மட்டும் வருகிற மாதிரி இருக்கிறதா? அதையும் சொல்லுங்கள். 1927-ல் எண்ணெய் அதிபர் ஹாரி சின்கிளேர், வாஷிங்டனில் தன் வழக்கு நடக்கும்போதே துப்பறியும் ஆட்களை விட்டு ஜூரிகளை நிழல்போலத் தொடர வைத்தார். விஷயம் வெளியே வந்ததும் விசாரணை பாதியில் கலைந்தது, அவருக்கு ஆறு மாதச் சிறை. ஜூரியிடம் நேரில் பேசியிருக்க வேண்டும் என்பதில்லை, பின்தொடர்ந்ததே நீதிமன்ற அவமதிப்பு என்று 1929-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இப்போது கார் தேவையில்லை, ஃபேஸ்புக் போதும். நீங்கள் எல்லோருக்கும் தெரியும்படி போட்டதை வக்கீல்கள் பார்க்கலாம், ஆனால் நட்புக் கோரிக்கை அனுப்பக் கூடாது என்பது அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2014-ல் சொன்ன கருத்து. வழக்கு நடக்கும்போது முன்பின் தெரியாதவரிடமிருந்து கோரிக்கையோ, திடீரென்று நல்ல வேலை ஒன்று தருவதாகச் செய்தியோ வந்தால் பதில் போடாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். அப்படியே வைத்திருந்து, அதற்கும் ஒரு சீட்டு எழுதிக் காவலரிடம் கொடுங்கள்.