சிசிஎன்ஏவா, நெட்வொர்க் பிளஸ்ஸா? பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் டிகிரி முடித்துவிட்டு நெட்வொர்க்கிங் படிக்கலாம் என்று கிளம்புபவர்கள் நேராகப் போவது கோச்சிங் சென்டருக்கு. அங்கே எது நடக்கிறதோ அதைத்தான் 'நல்ல கோர்ஸ்' என்பார்கள். சிசிஎன்ஏ என்பது நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சான்றிதழ், நெட்வொர்க் பிளஸ் இன்னொரு அமைப்பின் சான்றிதழ். எதுவானாலும் பணம் கட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: விளம்பரங்களை எண்ணுங்கள்

வேலை தேடும் தளங்களில் 'நெட்வொர்க் இன்ஜினியர்' என்று போட்டு, திருச்சி, சென்னை, பெங்களூரு விளம்பரங்களில் ஒரு இருபதைப் படியுங்கள். வளைகுடா போகிற எண்ணம் இருந்தால் துபாய், தோஹாவையும் சேருங்கள். எந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். என் கணிப்பில் சிசிஎன்ஏவுக்குத்தான் கோடு அதிகம் விழும்.

படி 2: மூன்று சான்றிதழ்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

சிசிஎஸ்டி, சிஸ்கோவின் அரிச்சுவடி. 50 நிமிடத் தேர்வு, 125 டாலர். கல்லூரியே கட்டணம் கட்டினால் எழுதலாம், கைக்காசு போட்டு வேண்டாம்.

நெட்வொர்க் பிளஸ், காம்ப்டியா என்ற அமைப்பு நடத்துவது. எந்த ஒரு நிறுவனத்தின் கருவியையும் சாராதது. 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், 900க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. அமெரிக்காவில் இதற்கு நல்ல மதிப்பு. நம் ஊரிலிருந்து வேலை தேடுபவருக்கு இதன் பாடத்திட்டத்தைப் படித்தாலே போதும் என்பேன்.

சிசிஎன்ஏ, 2020 பிப்ரவரியிலிருந்து ஒரே தேர்வு. 120 நிமிடம், 300 டாலர், வரி தனி. மூன்று ஆண்டுகள் செல்லும்.

படி 3: உங்களுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள்

சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால், திரையிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். அதில் ஒரு ஸ்விட்சை (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) வைத்து, இரண்டு கணினிகளை இணையுங்கள். ஒன்றுக்கு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதன் அடையாள எண், 192.168.10.10, மற்றதற்கு 192.168.10.20. இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.192. ஒன்றிலிருந்து மற்றதைப் பிங் செய்தால், அதாவது சோதனைச் செய்தி அனுப்பினால், பதில் வரும். சரி, இப்போது இரண்டாவதை 192.168.10.70 என்று மாற்றுங்கள். அதே ஸ்விட்ச், அதே கேபிள், பிங் போகாது.

காரணம் அந்த மாஸ்க். அது முகவரிகளைக் கடைசி எண்ணை வைத்து 64, 64 ஆகப் பிரிக்கிறது. 0 முதல் 63 வரை ஒரு பகுதி, 64 முதல் 127 வரை அடுத்தது. இப்படி ஒவ்வொரு பகுதியும் ஒரு சப்நெட். ஆக 10 ஒரு சப்நெட், 70 வேறு சப்நெட். வேறு வேறு சப்நெட்களை இணைக்கும் ரூட்டரை நடுவே வைத்தால்தான் பேச்சுவார்த்தை.

அந்த ரூட்டரையும் வைத்துப் பார்க்கக் கை பரபரக்கிறதா? நேராக சிசிஎன்ஏவுக்குப் போங்கள். தலை சுற்றினால் நெட்வொர்க் பிளஸ் பாடங்களை முதலில் முடித்துவிட்டு அப்புறம் வாருங்கள். இரண்டு வாரம் முயன்றும் சலிப்பாகவே இருந்தால் இந்தத் துறையே வேண்டாம், 300 டாலர் மிச்சம்.

படி 4: தேர்வுக்குப் பதிவு

தேர்வை நடத்தித்தரும் பியர்சன் வியூ நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆனால் உங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் தேதி விழாமல் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்றால் தேர்வு மையத்துக்கே போய்விடுவது நல்லது. இனிஷியல் விஷயத்திலும் கவனம்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தால், பதிவிலும் அப்படியே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள்.