கொர்னேலியஸ்னு பேர் இருந்தா பங்காளியா? ரோமானிய குடும்பப் பேரோட வரலாற்றைத் தேடுறது எப்படி

வட ஆப்பிரிக்காவுல இருந்த கார்தேஜோட தளபதி ஹன்னிபாலைத் தோக்கடிச்ச சிபியோ, ரோம் நகரத்துக்குள்ளயே படையை ஓட்டிட்டு வந்த சுல்லா, சுல்லாவுக்கு பரம எதிரியா இருந்த சின்னா, வரலாறு எழுதின டாசிடஸ், இந்த நாலு பேருக்கும் நடுப்பேர் ஒண்ணுதான், கொர்னேலியஸ். அப்போ நாலு பேரும் பங்காளிங்களா? முதல் மூணு பேரையும் ஒரே குலத்தோட கிளைங்கன்னு சொல்லலாம், டாசிடஸை அந்தப் பட்டியல்ல சேக்க ஆதாரம் கிடையாது. பேர் ஒண்ணா இருந்தும் சொந்தம் உண்டா இல்லையான்னு எப்படி பிரிச்சுப் பாக்கறது, அதைத்தான் கொர்னேலியஸ் குடும்பத்தையே வச்சு சொல்லப்போறேன். வேற பேரைத் தேடுறவங்களுக்கும் வழி இதேதான்.

முதல் வேலை பேரைப் பிரிக்கிறது. லூசியஸ் கொர்னேலியஸ் சிபியோன்னா லூசியஸ் அவனோட சொந்தப் பேரு, கொர்னேலியஸ் குலப் பேரு, சிபியோ அந்தக் குலத்துக்குள்ள இருக்கற கிளையோட பேரு. புக்ல 'எல். கொர்னேலியஸ்'னு பாத்ததும் நம்ம கண்ணு அந்த 'எல்' எழுத்தை அப்பா இனிஷியல்னு படிச்சுடும், அங்க கதை தலைகீழ், சுருக்கி எழுதறது சொந்தப் பேரைத்தான். காரணம் சிம்பிள், குடியரசுக் காலக் கடைசியில பரவலா புழங்கின சொந்தப் பேரே மொத்தம் 18 போலத்தான், அதனால ஒரு எழுத்து போட்டாலே ஆள் பேர் தெரிஞ்சுடும். சி-ன்னு இருந்தா கயஸ், சி.என்-ன்னு இருந்தா க்னேயஸ், பி-ன்னா பப்ளியஸ். கயஸுக்கு ஏன் சி போடறாங்கன்னா லத்தீன்ல ஜி எழுத்து தனியா வர்றதுக்கு முன்னாடி பழகின சுருக்கம் அது, அப்புறம் மாத்தவே இல்ல.

அப்பா பேர் எங்கன்னா, குலப் பேருக்குப் பின்னாடி 'எல் எஃப்'னு ரெண்டு எழுத்து வரும், லூசியஸோட மகன்னு அர்த்தம். சில சமயம் கூடவே 'சி.என் என்'னும் வரும், அது க்னேயஸோட பேரன். அதுக்கப்புறம் அவன் ஓட்டு போடற ட்ரைப் பேர் மூணு எழுத்துல (மொத்தம் 35 ட்ரைப்), கடைசியா கிளைப் பேர். இதுல ரொம்ப கவனமா பாக்க வேண்டிய எழுத்து ஒண்ணே ஒண்ணு. 'எல் எஃப்'னா லூசியஸ் பெத்த மகன், 'எல் எல்'னா லூசியஸ் விடுதலை பண்ணின அடிமை. கல்லுல அந்த எழுத்தோட கோடு தேஞ்சு போய் எல்லை எஃப்னு படிச்சுட்டா நீங்க அடிமையா இருந்தவனை குடும்ப வாரிசு ஆக்கிடுவீங்க, அதனால போட்டோவை பெருசாக்கிப் பாக்காம முடிவு பண்ணவே கூடாது. சி எழுத்தைத் திருப்பிப் போட்டு பக்கத்துல எல் இருந்தா, விடுதலை பண்ணினது ஒரு பொம்பளை.

பழகறதுக்கு நல்ல இடம் ரோம்ல இருக்கற பாந்தியான் கோயில் முகப்பு. 'எம் அக்ரிப்பா எல் எஃப் காஸ் டெர்டியும் ஃபெகிட்', அதாவது லூசியஸ் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா, மூணாவது தடவை கான்சலா (வருஷத்துக்கு ரெண்டு பேர் வகிக்கற உச்சப் பதவி) இருந்தப்ப கட்டினான். இப்போ நிக்கற கட்டடம் பின்னாடி வந்த சக்கரவர்த்தி ஹாட்ரியன் காலத்துல முடிஞ்சது, எழுத்தை மட்டும் பழையபடியே போட்டாங்க. இதுல எது இல்லன்னு பாருங்க, குலப் பேர் இல்ல. அவன் குலம் விப்சானியஸ். ரோம்ல அது பெரிய பேர் இல்ல, அதனால அவனே அதைப் போடாம விட்டுட்டான்னு அந்தக் காலத்துலயே பேச்சு இருந்திருக்கு. முதல் சக்கரவர்த்தி அகஸ்டஸுக்கு வலது கையா இருந்த ஆளுக்கே பேர்ல கூச்சம். ஒரு கல்வெட்டுல என்ன இருக்குங்கறதோட என்ன இல்லங்கறதையும் குறிச்சு வச்சுக்கணும்.

சரி, கொர்னேலியஸுக்கு வருவோம். அன்னிக்கு ரோம் மதிலுக்கு வெளிய இருந்த ஆப்பியா ரோட்டுல சிபியோ குடும்பத்தோட கல்லறை இருக்கு. 1614லயே கொஞ்சம் தட்டுப்பட்டது, 1780ல ஒழுங்கா தோண்டினாங்க. அதுல முக்கியமானது லூசியஸ் கொர்னேலியஸ் சிபியோ பார்பாட்டஸோட கல் பெட்டி, கி.மு. 298ல கான்சலா இருந்தவன். ஒரிஜினல் வாட்டிகன் மியூசியத்துல, கல்லறையில இருக்கறது நகல். பெட்டி முகப்புல இருக்கறதை நம்ம பேச்சுல சொன்னா இப்படி வரும்: கொர்னேலியஸ் லூசியஸ் சிபியோ பார்பாட்டஸ், அப்பா க்னேயஸுக்குப் பொறந்தவன், வீரன், புத்திசாலி, அழகும் ஆண்மையும் சரிக்கு சரி, உங்க மத்தியில கான்சலா சென்சாரா ஈடைலா (இந்த ரெண்டும் ரோமானிய அரசுப் பதவிதான்) இருந்தவன், சாம்னியத்துல டௌராசியா கிசௌனா ஊர்களைப் புடிச்சான், லூகானியா முழுக்க அடக்கி பணயக் கைதிங்களைக் கொண்டாந்தான்.

இந்த நாலஞ்சு வரியில வேலை நிறைய இருக்கு. ஒண்ணு, பேர் வரிசை மாறியிருக்கு, கொர்னேலியஸ் முன்னாடி லூசியஸ் பின்னாடி, ஏன்னா இது பாட்டு, சந்தத்துக்காக மாத்தியிருக்காங்க, அதை வச்சு தியரி எதுவும் கட்டக்கூடாது. ரெண்டு, இந்தப் பாட்டுக்கு மேல ஒண்ணரை வரி அளவுக்கு செதுக்கி எடுத்திருக்காங்க, அதாவது முன்னாடி வேற எதையோ எழுதி அப்புறம் அழிச்சிருக்காங்க. அதனால இந்தப் பாட்டு அவன் செத்தப்ப எழுதினது இல்ல, பிற்பாடு வந்தவங்க போட்டதுன்னு நிறைய பேர் கருதறாங்க. மூணாவதுதான் பெரிய சிக்கல். லிவி எழுதின வரலாற்றுல அதே 298ல இவன் சண்டை போட்டது வடக்க எட்ரூரியாவுல, சாம்னியத்துக்குப் போனது கூட்டாளி கான்சல் ஃபுல்வியஸ். கல்லு தெற்க காட்டுது, புக்கு வடக்க காட்டுது. கல்லுன்னா உண்மை, புக்குன்னா கதைன்னு டக்குனு முடிவு பண்ணிடாதீங்க, கல்லை வெட்டச் சொன்னதும் குடும்பம்தான், லிவிக்கு கிடைச்ச தகவல்லயும் குடும்பங்க சொன்னது கலந்திருக்கு. ரெண்டையும் நோட்ல எழுதிட்டு மேல போங்க.

வம்ச வரிசை கட்டறதுக்கு எலும்புக்கூடு மாதிரி உதவறது காபிடோலின் ஃபாஸ்டி. அகஸ்டஸ் காலத்துல சலவைக்கல்லுல வெட்டி வச்ச கான்சல்கள் பட்டியல், 1546ல ரோமன் ஃபோரத்துல கிடைச்சு இப்போ காபிடோலின் மியூசியத்துல இருக்கு. இதோட அருமை என்னன்னா ஒவ்வொருத்தருக்கும் அப்பா பேரும் தாத்தா பேரும் போட்டிருக்கும். கி.மு. 259ல கான்சலா இருந்த லூசியஸ் சிபியோ, கோர்சிகாவையும் அலேரியாவையும் புடிச்சவன், அவனுக்கு லூசியஸ் மகன் க்னேயஸ் பேரன்னு இருக்கு. பார்பாட்டஸ் கல்லுல அவன் அப்பா க்னேயஸ்னு பாத்தோம்ல, அப்போ இவன் பார்பாட்டஸோட பையன், தாத்தா க்னேயஸ், ரெண்டும் பொருந்துது. இப்படி ரெண்டு இடத்துல இருந்து வந்து பொருந்தற கண்ணியை மட்டும் அழுத்திக் கோடு போடுங்க, மத்ததுக்கு புள்ளிக் கோடு.

இனிமே வர்றது பேர் ஏமாத்தற இடங்கள். தத்து எடுக்கறது ரோம்ல பெரிய வீடுகள்ல சர்வ சாதாரணம். கார்தேஜை கி.மு. 146ல அழிச்ச சிபியோ எமிலியானஸ் ரத்தத்துல சிபியோவே இல்ல, லூசியஸ் எமிலியஸ் பௌலஸோட பையன், ஹன்னிபாலைத் தோக்கடிச்ச சிபியோ ஆப்பிரிக்கானஸோட மகன் அவனை தத்து எடுத்தான். நல்லவேளை பழைய குலப் பேர் 'எமிலியானஸ்'னு வால் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது, அதனால '-யானஸ்'னு முடியற பேரைப் பாத்தா முதல்ல தத்தான்னு சந்தேகப்படுங்க. ஆனா எல்லாரும் வால் வச்சுக்கல. பப்ளியஸ் கொர்னேலியஸ் சிபியோ நாசிகாவா பொறந்தவன் ஒருத்தன், மெட்டெல்லஸ் குடும்பத்துக்கு தத்துப் போனதும் க்வின்டஸ் கெசிலியஸ் மெட்டெல்லஸ் பையஸ் சிபியோன்னு ஆயிட்டான், சொந்தப் பேர்கூட மிஞ்சல. பேரை மட்டும் வச்சு தேடினா அந்த ஆள் கொர்னேலியஸ் பட்டியல்லயே வர மாட்டான்.

அடிமை விடுதலை இதைவிடப் பெரிய குழப்பம். விடுதலை ஆனவன் எஜமானோட குலப் பேரை எடுத்துக்குவான், அவன் புள்ளைங்களுக்கும் அதே பேர்தான். சுல்லா தண்டனைப் பட்டியல் போட்டு எதிரிங்களைக் கொன்னப்ப அவங்க அடிமைங்கள்ல இளசா இருந்த 10,000 பேருக்கு மேல விடுதலை பண்ணி எல்லாருக்கும் கொர்னேலியஸ்னு பேர் குடுத்தான்னு வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதறார். ஒரே கையெழுத்துல 10,000 கொர்னேலியஸ்! இதுக்கப்புறம் ரோம்ல கண்ட இடத்துல எல்லாம் இந்தப் பேர் கல்வெட்டுல வரும், அதுல பாதிக்கு சிபியோ வீட்டு வாசல்கூட தெரிஞ்சிருக்காது. குடியுரிமை வாங்கினவங்களும் உண்டு. ஸ்பெயின்ல காடிஸ் ஊர்க்காரன் பால்பஸுக்கு குடியுரிமை குடுத்தது ரோமானிய தளபதி பாம்பேயஸ், கி.மு. 72ல, ஆனா அவன் வச்சுக்கிட்ட பேரோ பாம்பேயஸ் இல்ல, கொர்னேலியஸ். கி.மு. 40ல கான்சலும் ஆயிட்டான். இன்னும் பின்னாடி வந்தா, கி.பி. 212ல சக்கரவர்த்தி காரகல்லா சாம்ராஜ்யத்துல இருந்த சுதந்திர மக்கள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் குடியுரிமை குடுத்ததும் அவனோட குலப் பேரை எடுத்துக்கிட்டு ஊர் பூரா அவுரேலியஸ் ஆயிடுச்சு, அந்த வருஷத்துக்கு அப்புறம் அவுரேலியஸ்ங்கற பேரை வச்சு வம்சம் தேடறது வெட்டி வேலை.

பொண்ணுங்களைத் தேடறதுதான் கஷ்டத்துலயே கஷ்டம். கொர்னேலியஸ் வீட்டுப் பொண்ணு கொர்னேலியா, அவ்வளவுதான். ஆப்பிரிக்கானஸுக்கு ரெண்டு பொண்ணு, ரெண்டு பேரும் கொர்னேலியா, மூத்தவ நாசிகா குடும்பத்துக்குப் போனா, இளையவதான் கிராக்கஸ் சகோதரர்களோட அம்மா. இங்க பேரை விட்டுட்டு அப்பா, புருஷன், புள்ளைங்க வழியாத்தான் ஆளைப் புடிக்கணும், வேற வழியில்ல.

பேருக்கு வெளியயும் தடயம் இருக்கும், அதை நிறைய பேர் விட்டுடறாங்க. எந்தப் பேரை வைக்க மாட்டாங்கன்னு பாருங்க. மான்லியஸ் குலத்துல கி.மு. 384ல மார்க்கஸ் மான்லியஸ் ராஜாவாகப் பாத்தான்னு மரண தண்டனை குடுத்தாங்க, அதுக்கப்புறம் அந்தக் குலத்துல மார்க்கஸ்னு பேர் வைக்கறதில்லன்னு முடிவு. கிளாடியஸ் குலம் இதே மாதிரி லூசியஸை ஒதுக்கிச்சு, அந்தப் பேர்ல ஒருத்தன் வழிப்பறி கேஸ்ல மாட்டினான், இன்னொருத்தன் கொலைக் கேஸ்ல. கொர்னேலியஸ் விஷயத்துல தடயம் சாவு சடங்குல இருக்கு. ஊரே பிணத்தை எரிச்சப்ப இவங்க புதைக்கற வழக்கத்தை விடல, அந்தப் பெரிய கல் பெட்டிங்க அதுக்குத்தான். கி.மு. 78ல செத்த சுல்லாதான் அந்தக் குலத்துல எரிக்கப்பட்ட முதல் பெரிய ஆள்னு ரோமானிய அரசியல்வாதி சிசரோ சொல்றார், காரணம் பயம், தன் எதிரி மரியஸோட சாம்பலைத் தோண்டி ஆத்துல வீசினது இவன்தானே, தன்னையும் எவனாவது தோண்டிடுவான்னு.

அடுத்தது பொய்க் கணக்கு. பெரிய வீட்டுக் கூடத்துல முன்னோர்களோட மெழுகு முகமூடி வரிசையா இருக்கும், சாவு ஊர்வலத்துல நடிகர்கள் அதை மாட்டிக்கிட்டு வருவாங்க, செத்தவனோட மகனோ சொந்தக்காரனோ மேடை ஏறி முன்னோர் பெருமை எல்லாம் பேசுவான். பேச்சுன்னு வந்தா கூடுதல் குறைச்சல் வரத்தானே செய்யும். நடக்காத வெற்றி விழா, வாங்காத கான்சல் பதவி எல்லாம் இந்தப் பேச்சுகள் வழியா வரலாறு ஆயிடுச்சுன்னு சிசரோ புலம்பறார், ராஜாக்களை விரட்டி பத்து வருஷத்துல கான்சலா இருந்த மானியஸ் துல்லியஸ் என் முன்னோர்னு நானும் சொல்லிக்கிட்டா எப்படி இருக்கும், அப்படித்தான் இதுவும்னு கிண்டல் வேற. சீசர் கி.மு. 69ல அத்தை ஜூலியாவோட சாவுல பேசினப்ப தன் குலத்தை வீனஸ் தெய்வம் வரைக்கும் கொண்டு போயிட்டார். பொய்கூட வேண்டாம், மறதி போதும். மேல சொன்ன அந்த மெட்டெல்லஸ் சிபியோ ரோம்ல காபிடோல் குன்றுல முன்னோர்களுக்கு வரிசையா குதிரைச் சிலை வச்சான், அதுல ஆள் மாறிப்போய் கொள்ளுத்தாத்தா செராபியோ வகிக்காத சென்சார் பதவியை அவருக்குக் குடுத்துட்டான், கி.மு. 50ல சிசரோ நண்பன் அட்டிகஸுக்கு எழுதின கடுதாசில தலையில அடிச்சுக்கறார். சொந்த வீட்டுக்காரனே இந்த லட்சணம்.

இன்னிக்கு தேடறதுக்கு ஊர் ஊரா போகத் தேவையில்ல. லத்தீன் கல்வெட்டுகளோட பெரிய தொகுப்பு சி.ஐ.எல்., ரோம் நகரத்துக் கல்வெட்டு எல்லாம் அதுல 6ஆம் தொகுதி. கிளவுஸ் ஸ்லாபி டேட்டாபேஸ் ஆன்லைன்ல ஃப்ரீ. குடியரசுக் காலப் பதவிக்காரங்களுக்கு லண்டன் கிங்ஸ் காலேஜோட டி.பி.ஆர்.ஆர். தளம், சொந்தக்காரங்களையும் லிங்க் போட்டே காட்டும். தேடறப்ப முழுப் பேரை அடிக்காம 'கொர்னேலி' வரைக்கும் அடிங்க, வேற்றுமைக்கு ஏத்த மாதிரி முடிவு மாறும்ல. ஆயிரக்கணக்குல வந்து கொட்டும், ஊரையும் காலத்தையும் வச்சு வடிகட்டுங்க. கிளைப் பேர் கிரேக்கப் பேரா இருந்தா விடுதலை ஆனவனா அவன் வாரிசா இருக்க வாய்ப்பு அதிகம், உறுதின்னு மட்டும் எழுதிடாதீங்க.

சொந்தமா கை வச்சுப் பழக நம்ம பக்கத்து உதாரணம் ஒண்ணு இருக்கு. செங்கடல் வரிக் குத்தகை எடுத்த அன்னியஸ் ப்ளோகமஸ்னு ஒருத்தரோட விடுதலையான அடிமை, அரேபியாவைச் சுத்திப் போறப்ப காத்துல அடிச்சுட்டுப் போய் பதினஞ்சாவது நாள் இலங்கையில கரை ஒதுங்கினான்னு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதறார், சக்கரவர்த்தி கிளாடியஸ் காலம், அதாவது கி.பி. 41க்கு அப்புறம்னு. எகிப்துல காப்டோஸ்ல இருந்து பெரெனிகே துறைமுகத்துக்குப் போற பாலைவன வழியில பாறையில கிரேக்கத்துலயும் லத்தீன்லயும் கிறுக்கியிருக்கு, பப்ளியஸ் அன்னியஸ் ப்ளோகமஸோட ஆள் லைசாஸ் வந்தேன்னு, தேதி கி.பி. 6 ஜூலை. ஒரே ப்ளோகமஸா, இல்ல அப்பா புள்ளையா, இல்ல பிளினி காலத்தைக் குழப்பிட்டாரா? அன்னியஸ்னு அடிச்சு எகிப்துல இருந்து ஆரம்பிங்க.