காரைக்குடியிலிருந்து சிங்கப்பூர் வேலைக்கு: பெட்டி கட்டுவதிலிருந்து முதல் சம்பளம் வரை

சிங்கப்பூர் வேலை அனுமதிகளான எஸ் பாஸ் அல்லது எம்ப்ளாய்மென்ட் பாஸ் கிடைத்து, தங்கும் இடத்தைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியவர்களுக்கான குறிப்பு இது. ஒர்க் பெர்மிட்டில் போகிறவர்களுக்குத் தங்குமிடம் கம்பெனியின் பொறுப்பு என்பதால், வீட்டைப் பற்றிய பகுதியை அவர்கள் விட்டுவிடலாம்.

அந்தக் காலத்தில் செட்டிநாட்டிலிருந்து கப்பலேறியவர்களுக்குச் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி இருந்தது. படுக்கை, சாப்பாடு, கணக்குப் பெட்டி எல்லாம் ஒரே கூரையின் கீழ். இப்போது எல்லாம் தனித்தனி. ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது நகரும்: பாஸ் வழங்கினால்தான் கைரேகை, பாஸும் முகவரியும் இருந்தால்தான் வங்கிக் கணக்கு, கணக்கு இருந்தால்தான் சம்பளம். பெரும்பாலானோர் தடுமாறுவது இந்த வரிசையில்தான்.

கிளம்பும் முன்

கையில் முதலில் வருவது ஐபிஏ கடிதம் (பாஸுக்குக் கொள்கையளவில் ஒப்புதல் என்று சொல்லும் கடிதம்). அதை வாட்ஸ்அப்பில் பார்த்ததோடு விடாதீர்கள். சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் விண்ணப்ப நிலையை நீங்களே பார்க்க முடியும். கடிதம் உண்மையானால் அங்கே தெரியும். ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளம் ஒன்று, காகிதத்தில் இருப்பது வேறொன்று என்றால், ஐபிஏவிலும் வேலை ஒப்பந்தத்திலும் எழுதியிருப்பதே கணக்கு. வேலை கொடுத்ததற்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐபிஏவில் மூன்று இடங்களை நிறுத்திப் பாருங்கள்: உங்கள் ஃபின் எண் (வெளிநாட்டவருக்கான அடையாள எண்), எந்தத் தேதிக்குள் நாட்டுக்குள் வர வேண்டும், மருத்துவப் பரிசோதனை கேட்டிருக்கிறார்களா.

பின்னால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், திருமணச் சான்றிதழை இப்போதே சரிசெய்யுங்கள். நகரக் கோவிலில் தம்பதியாகப் புள்ளி பதிந்ததும் கோவில் மாலை வந்ததும் நமக்குப் பெரிது. சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் இல்லாவிட்டால் குடும்பத்தாருக்கான டிபென்டன்ட் பாஸ் விண்ணப்பத்தில் அவை செல்லாது. அந்தப் பாஸுக்கு உங்கள் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். (அங்கே தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையும் வேண்டும். தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசி போட்ட தேதிகள் அதில் தெளிவாக இருக்கட்டும்.

பெட்டியில் எது போகும், எது போகாது

செட்டிநாட்டுச் சமையலறையிலிருந்து எடுத்துப்போகும் சாமான்களில் நான்கு சிக்கலானவை.

முதலாவது கசகசா. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் ஒழிப்புத் துறையின் தடைப் பட்டியலில் இருக்கிறது, ஏனென்றால் அபினிச் செடியின் விதை அது. பொட்டலமாகக் கொண்டுபோகாவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கும். ஆச்சியிடம் முன்கூட்டியே சொல்லி, அது இல்லாமல் அரைக்கச் சொல்லுங்கள். குழம்புக்குக் கெட்டித்தன்மை வேண்டுமானால் அங்கே முந்திரியோ பொட்டுக்கடலையோ அரைத்து ஊற்றிக்கொள்ளலாம். சுவை கொஞ்சம் மாறும், என்ன செய்வது.

இரண்டாவது உப்புக்கண்டம். இந்தியாவிலிருந்து பயணிகள் இறைச்சி கொண்டுவர அனுமதியில்லை. காய்ந்தது, வறுத்தது, ஊறுகாய் போட்டது எல்லாம் இதில் அடக்கம். மூன்றாவது கொப்பரை. இது அங்கே போவதற்கு முன்பே, விமான நிலையத்திலேயே நின்றுவிடும். எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று அதை ஏற்றமாட்டார்கள். நான்காவது புகையிலை: மெல்லும் புகையிலை, குட்கா, மின் சிகரெட் மூன்றுக்கும் தடை. சிகரெட்டுக்கும் பீடிக்கும் வரியில்லாச் சலுகை கிடையாது, ஒரே ஒரு பாக்கெட்டானாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். சூயிங் கம்மும் வேண்டாம்.

மருந்தில் கோடீன் கலந்த இருமல் சிரப்பும் தூக்க மாத்திரையும் முன் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு மேற்படாமல், மருத்துவர் சீட்டோடு, அட்டை பிரிக்காமல் வையுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: கல்பாசி 50 கிராம், மராட்டி மொக்கு ஒரு கைப்பிடி, வீட்டு மிளகாய்ப் பொடியும் மல்லிப் பொடியும் தலா ஒரு கிலோ. அரைப்பதற்கு முன் மிளகாயும் மல்லியும் கையில் நொறுங்குமளவு வறுபட வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரம். ஈரப்பதம் மிச்சமிருந்த பொடி சீக்கிரமே கட்டிதட்டி, வண்டு வைத்துவிடும். 200 கிராம் பாக்கெட்டுகளாகப் பிரித்து, போனதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, நல்லெண்ணெய், அப்பளம் எல்லாம் தேக்கா மார்க்கெட்டிலும் பஃபலோ ரோடு கடைகளிலும் கிடைப்பதால் சுமக்க வேண்டாம். முறுக்கும் மனகோலமும் தேன்குழலும் எத்தனை டப்பா போனாலும் முதல் வாரத்தில் காலி.

குழிப் பணியாரக் கல்லை எடுத்துவைக்கும் முன், போகும் வீட்டில் கேஸ் அடுப்பா என்று கேளுங்கள். நிறைய வாடகை அறைகளில் இண்டக்‌ஷன் அடுப்புத்தான் தருவார்கள். பணியாரக் கல் இரும்பேயானாலும் அடிப்பக்கம் குமிழ் குமிழாக இருப்பதால் தட்டையான அடுப்பில் சரியாகப் பதியாது, சூடு ஏறாது. மண்சட்டியும் இண்டாலியச் சட்டியும் இண்டக்‌ஷனில் வேலை செய்யவே செய்யாது. மிக்ஸி கொண்டுபோகலாம், மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான். பிளக் மட்டும் சதுர முள் மூன்றுள்ளது. கனமான மிக்ஸியை மலிவு அடாப்டரில் ஓட்டினால் அடாப்டர் சூடாகி உருகும், ஆகவே அங்கே போய் பிளக்கையே மாற்றிக்கொள்ளுங்கள்.

ரொக்கமாக வெளிநாட்டு நோட்டு ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் எடுத்துப்போகலாம். மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுங்கள்.

இறங்கிய முதல் பத்து நாள்

திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு, சுமார் நான்கு மணி நேரம். இறங்கும் முன்பே, இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள், எஸ்ஜி அரைவல் கார்டை (வருகை அறிவிப்புப் படிவம்) இணையத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம். கூகுளில் தேடினால் மேலே வந்து நிற்கும் சில தளங்கள் இதற்குக் காசு கேட்கும், குடிநுழைவுத் துறையின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள்.

பாஸ்போர்ட்டைக் காட்டி ப்ரீபெய்டு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் சிம்மைத் தூக்கிப்போட வேண்டாம். இந்திய வங்கியின் ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். ரோமிங்கைத் திறந்துவிட்டு, வேலிடிட்டி முடியாமல் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். சிம் செத்தபிறகு காரைக்குடிக் கிளையில் நேரில் வந்து நின்று நம்பர் மாற்றச் சொல்வார்கள்.

பாஸ் வழங்கக் கம்பெனி விண்ணப்பிக்கும்போது உங்கள் சிங்கப்பூர் முகவரியைக் கேட்கும். தற்காலிக முகவரி கொடுக்கலாம், வீடு மாறியதும் கம்பெனி மூலம் மாற்றுங்கள். பிறகு அறிவிப்புக் கடிதம் வரும். கைரேகை தேவை என்று அதில் இருந்தால், பெண்டமியர் சாலையிலுள்ள அமைச்சின் சேவை நிலையத்துக்கு நேரம் பதிவு செய்துவிட்டுப் போங்கள். மசாலா இடித்தும் கல் தூக்கியும் ரேகை தேய்ந்தவர்கள் முந்தின இரவு கையில் எண்ணெய் தடவி, காலையில் நன்றாகக் கழுவிவிட்டுப் போனால் இயந்திரம் சீக்கிரம் பிடிக்கும்.

பாஸ் வழங்கியதும் சிங்பாஸ் என்னும் அரசின் மின்அடையாளக் கணக்கைப் பதியுங்கள். அரசு, வங்கி, வரி, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் அது ஒரே சாவி. அதன் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் யார் கேட்டாலும் தராதீர்கள், கூட வேலை செய்கிறவராக இருந்தாலும். சிங்பாஸ் கைக்கு வந்தபின் வங்கிக் கணக்கு ஆன்லைனிலேயே திறந்துவிடும். திறக்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: சராசரி இருப்பு எவ்வளவுக்குக் கீழே போனால் மாதக் கட்டணம் பிடிப்பீர்கள்? பிறகு மொபைல் எண்ணுக்கே பணம் அனுப்பும் வசதியான பேநௌவில் உங்கள் எண்ணை இணையுங்கள்.

அறை தேடுவது

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். படத்தைக் காட்டி, ‘இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள்’ என்று அவசரப்படுத்தி டெபாசிட் வாங்கிக்கொண்டு மறைவதுதான் வழக்கமான மோசடி. முதல் இரண்டு வாரத்துக்கு லிட்டில் இந்தியா பக்கம் ஹாஸ்டலில் தங்கி, நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். அரசாங்க அடுக்குமாடியான எச்டிபி வீட்டில் வாடகைக் காலம் குறைந்தது ஆறு மாதம், தனியார் வீட்டில் மூன்று மாதம். எச்டிபியில் பத்து நாளைக்கு என்று அறை விடுவது விதிமீறல். மாட்டினால் உங்களுக்கும் இடமில்லை.

எச்டிபி அறையானால், வாடகைக்கு விட வீட்டுக்காரர் அனுமதி பெற்றிருக்கிறாரா, குடியிருப்போர் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியதா என்று பாருங்கள். ஏஜென்ட் வந்தால் அவருடைய பதிவு எண்ணை வாங்கி, வீட்டு ஏஜென்ட்டுகளைக் கண்காணிக்கும் சிஇஏ அமைப்பின் பதிவேட்டில் தேடுங்கள். எச்டிபி வாடகைப் பணத்தை ஏஜென்ட் தன் கையில் வாங்கவே கூடாது, அது வீட்டுக்காரர் கணக்குக்கு நேராகப் போக வேண்டும்.

மாதம் 1,000 வெள்ளி, ஒரு வருட ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வாடகை 1,000, டெபாசிட் வழக்கமாக ஒரு மாதம் 1,000. இவற்றோடு முத்திரை வரி: மொத்த வாடகையில் 0.4 சதவீதம், அதாவது 12,000க்கு 48 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். பலர் இதைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு டெபாசிட் தகராறில் ஒன்றும் செய்ய முடியாது. வேலை போய் நாடு திரும்ப நேர்ந்தால் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்க வழிவிடும் பிரிவு இருக்கிறதா என்றும் படியுங்கள்.

விளம்பரத்தில் ‘லைட் குக்கிங்’ என்றிருந்தால் அதற்கு நூடுல்ஸ், முட்டை, சோறு என்று பொருள். தாளிப்பு அதில் வராது. காய்ந்த மிளகாயும் சோம்பும் எண்ணெயில் விழுந்த வாசம் நடைபாதை முழுக்கப் போகும், அடுத்த நாளே புகார் வரும். கூச்சப்படாமல் நேராகக் கேளுங்கள்: “தாளிக்கலாமா? மீன் வறுக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை கறி வைக்கலாமா? ஃபிரிட்ஜில் எனக்கு எத்தனை தட்டு? ஏர்கான் எத்தனை மணி நேரம்? கரண்டு, தண்ணி வாடகையில் சேர்ந்ததா?” பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். சாவி வாங்கும் நாளில் சுவர்க்கறை, மெத்தை, ஏர்கான், குழாய் எல்லாவற்றையும் தேதியோடு வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிட்டால், காலி செய்யும்போது பேச்சுக்கு இடமிருக்காது.

அன்றாடம்

பேருந்தில் ஏறும்போது கார்டைத் தட்டுகிறோம், இறங்கும்போது மறந்துவிடுகிறோம். மறந்தால் அந்தப் பேருந்து போகும் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் பிடித்துவிடும். முகவரிக்கு ஆறு இலக்க அஞ்சல் எண் போதும், அநேகமாகக் கட்டடத்துக்கு ஒன்று.

ஹாக்கர் சென்டரில் (பல கடைகள் சேர்ந்த பொது உணவுக்கூடம்) மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சாப்பிட்டு முடித்த தட்டை நீங்களே எடுத்துப்போய் வைக்க வேண்டும், இது சட்டம். சைவம் சாப்பிடுகிறவர்கள் காய்கறிப் பொரியல் என்று நம்பிவிட வேண்டாம், இறால் விழுது சேர்த்திருப்பார்கள். பால் இல்லாத டீக்கு ‘தே ஓ’, சர்க்கரையும் வேண்டாமென்றால் ‘தே ஓ கொசோங்’.

இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 வரை முழுத் தடை. ஆம்புலன்ஸுக்கு 995, போலீசுக்கு 999. எஸ் பாஸ்காரருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்குக் கம்பெனி மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அட்டையைக் கேட்டு வாங்குங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸில் இது கட்டாயமில்லை, ஆகவே சேரும் முன்பே கேளுங்கள்.

மனசு ஊரைத் தேடும்போது டேங்க் ரோட்டுக்குப் போங்கள். நகரத்தார் 1859இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோவில் அங்கேதான், தைப்பூசக் காவடி வந்து சேருவதும் அங்கேதான். அறை, வேலை பற்றிய நம்பகமான வாய்மொழித் தகவல் அந்த வட்டாரத்தில் இன்றும் கிடைக்கும்.

சம்பளம் வந்தபிறகு

சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் பணம் வர வேண்டும். வேலை நிபந்தனைகளை எழுத்தில், சேர்ந்த 14 நாளுக்குள் தர வேண்டும். வராவிட்டால் முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை.

இங்கே மாதாமாதம் வரி பிடிப்பதுபோல் அங்கே பிடிக்கமாட்டார்கள். வந்ததெல்லாம் நம் பணம் என்று முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு வரிக் கடிதம் வந்ததும் கடன் தேடுகிறவர்கள் நிறைய. ஓர் ஆண்டில் 183 நாள் இருந்தால் குடியிருப்பாளர் விகிதம், அதில் வரிக்குரிய வருமானத்தின் முதல் 20,000 வெள்ளிக்கு வரியில்லை. 61 முதல் 182 நாள் வரை வேலை செய்தவருக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் அல்லது குடியிருப்பாளர் விகிதம், எது அதிகமோ அது. ஆண்டுக் கணக்கை அடுத்த ஏப்ரல் 18க்குள் இணையத்தில் தாக்கல் செய்யுங்கள். வேலையை விட்டு ஊர் திரும்பும்போது, வரி தீரும்வரை கம்பெனி உங்கள் கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்கும். சட்டமே அதுதான், கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. கையில் ஒரு மாதச் செலவுக்குத் தனியாக வைத்திருங்கள்.

ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்தை வைக்கும் கணக்கு) மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக்கொடுங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் சாதாரணச் சேமிப்புக் கணக்கைத் தொடர அனுமதியில்லை. அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு திறந்தால் அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, திரும்ப வெளியே எடுக்கவும் தடையில்லை. இரண்டையும் கிளம்பும் முன் காரைக்குடியிலேயே விசாரித்து, படிவத்தை வாங்கிவைத்துக்கொண்டால் கூரியர் செலவு மிச்சம்.