இங்கிலாந்து தொடக்கப்பள்ளி: காசு கேட்டு வரும் டிரிப் கடிதத்தைப் பார்த்துப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள்

பள்ளியில் இடம் வாங்குவது, சீருடை, ஆப் பதிவு எல்லாம் கவுன்சில் (உள்ளாட்சி) இணையதளத்திலும் பள்ளி அலுவலகத்திலும் தெளிவாகவே சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாதது டிரிப் கடிதம். "ரோமர்களைப் பற்றிப் படிக்கிறோம், அருங்காட்சியகம் போகிறோம், வாலன்டரி கான்ட்ரிபியூஷன் (விருப்ப நன்கொடை) 18 பவுண்டு, வெள்ளிக்கிழமைக்குள்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். ஊர்ப் பழக்கத்தில் படித்தால் இது டூர் ஃபீஸ். கட்டினால் போகலாம், கட்டாவிட்டால் அன்றைக்கு லீவு. இங்கே இரண்டுமே தப்பு.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். விசா கட்டணம், வீட்டு அட்வான்ஸ் எல்லாம் கொடுத்துக் கையில் ஒன்றும் இல்லாத மாதம். இரண்டு பிள்ளைகளுக்குமாக 42 பவுண்டு. இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, "காய்ச்சல்" என்று போன் செய்து இருவரையும் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். சொல்லியிருந்தால் ஒரு பைசா வாங்காமல் பள்ளி கூட்டிப் போயிருக்கும். அது தெரியவே மூன்று மாதம் ஆனது.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி அரசுப் பள்ளிகள் பள்ளி நேரத்தில் நடக்கும் பயணத்துக்குக் கட்டணம் வசூலிக்கக் கூடாது. அகாடமிகளுக்கும் (கவுன்சிலின் கீழ் இல்லாமல் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள்) இதே விதிதான். தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தாது, ஸ்காட்லாந்துக்குச் சட்டமே வேறு. பள்ளி நன்கொடை கேட்கலாம், அவ்வளவுதான். தரவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையை மட்டும் விட்டுப் போக முடியாது. ஆனால் போதிய பணம் சேராவிட்டால் பயணத்தையே ரத்து செய்யலாம். ஆகவே முடிந்தவர்கள் கட்டிவிடுங்கள். அருங்காட்சியகம் இலவசம்தானே, எதற்கு 18 பவுண்டு என்று வாட்ஸாப் குரூப்பில் கொதிப்பவர்களுக்கு: பெரும்பாலும் அது கோச் (பேருந்து) வாடகை. 540 பவுண்டு கோச்சை 30 பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு 18.

இரவு தங்கும் பயணம் வேறு கணக்கு. ஆறாம் வகுப்பில் வரும் மூன்று நாள், ஐந்து நாள் முகாமுக்குத் தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் பள்ளி சட்டப்படியே வசூலிக்கலாம். யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானத்தாருக்கு அரசு தரும் உதவித்தொகை) போன்ற சில உதவிகள் பெறுவோருக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் தவணை கேளுங்கள், பல பள்ளிகள் தருகின்றன.

இன்னொரு பயம் நம் ஆட்களிடம் நிறைய. விசாவில் "பொது நிதிக்கு உரிமை இல்லை" என்று இருக்கிறதே, பள்ளியில் உதவி கேட்டால் விசாவுக்கு ஆபத்தா? இல்லை. குடிவரவு விதிகளில் பொது நிதி என்பது யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்கான உதவித்தொகை) போன்றவற்றின் தனிப் பட்டியல். அரசுப் பள்ளிக் கல்வியும் பள்ளி இலவச மதிய உணவும் அதில் கிடையாது. டிரிப் செலவைப் பள்ளியே ஏற்றுக்கொள்வதும் அப்படித்தான்.

கேட்பது எப்படி? பள்ளி வாசலில் நின்று டீச்சரிடம் சொல்லாதீர்கள், சுற்றிலும் பத்துப் பேர் இருப்பார்கள். பள்ளி அலுவலகத்துக்கு மூன்று வரி மின்னஞ்சல் போதும்: பிள்ளையின் பெயரும் வகுப்பும், எங்கள் பிள்ளை கட்டாயம் வரவேண்டும், இந்த முறை பணம் தர இயலவில்லை. காரணம் எழுத வேண்டியதில்லை. கெடு முடிவதற்கு முன் அனுப்புங்கள்.

பணம் கட்டியவர்கள் மாட்டுவது வேறு இடத்தில். பல பள்ளி ஆப்களில் பணம் ஒரு பக்கம், பெற்றோர் சம்மதம் இன்னொரு பக்கம். 18 பவுண்டு போய்விட்டது, ரசீதும் வந்துவிட்டது, சம்மதப் பெட்டியில் மட்டும் டிக் இல்லை. பள்ளி நேரப் பயணம் எல்லாவற்றுக்கும் தனிச் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லைதான். ஆனால் பெரும்பாலான பள்ளிகள் கேட்கின்றன, இல்லாமல் கோச்சில் ஏற்றமாட்டார்கள். அன்று முழுக்கப் பிள்ளை வேறு வகுப்பில் உட்கார்ந்திருக்கும். நன்கொடை என்பதால் பணம் திரும்பி வராமலும் போகலாம்.

ஒரு நாள்தானே என்று தோன்றலாம். இங்கே தொடக்கப்பள்ளியில் நமக்குப் பழக்கமான பாடப்புத்தகம் பெரும்பாலும் கிடையாது. ஆறு வாரத்துக்கு ஒரு "டாபிக்" ஓடும். இரண்டாம் வகுப்பில் 1666 லண்டன் பெருந்தீ என்றால் வரலாறு, ஓவியம், எழுத்து எல்லாம் அதைச் சுற்றியே. டிரிப் போய்வந்த திங்கட்கிழமை, பார்த்ததை வரிசைப்படுத்தி எழுதச் சொல்வார்கள். போகாத பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும்.

டிரிப் கடிதத்தைப் போலவே, வீட்டில் சொல்லிக்கொடுப்பதிலும் ஊர்ப் பழக்கம் கைகொடுக்காது. முதலில் ஏ, பீ, சீ என்று எழுத்தின் பெயரைப் புகட்டாதீர்கள். இங்குள்ள பள்ளிகள் தொடங்குவது ஒலியில். பல பள்ளிகளில் முதல் ஆறு ஒலி எஸ் (s), ஏ (a), டி (t), பி (p), ஐ (i), என் (n) எழுத்துகளுக்கு உரியவை. தமிழ் தெரிந்தவருக்கு இது எளிது: புள்ளி வைத்த மெய்யைப் போலச் சொல்ல வேண்டும். "ம்" சரி, "ம" தப்பு. "ஸ", "ட" என்று உயிரைச் சேர்த்துப் பழகிய பிள்ளைக்கு ஒலிகளைக் கூட்டி வாசிப்பது சிக்கும். முதலாம் வகுப்பு ஜூனில் 40 சொல் வாசிக்கும் சோதனை உண்டு. அதில் 20 அர்த்தமே இல்லாத சொற்கள், மனப்பாடம் உதவாது.

வாய்ப்பாடும் அப்படித்தான். 16 வரை ஒப்பிக்கும் நம் பிள்ளைகள் நான்காம் வகுப்புத் தேர்வில் திணறுவதுண்டு. திரையில் 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 வினாடி. "ஓரேழு ஏழு" என்று அடியிலிருந்து ஏறினால் ஏழெட்டைத் தொடுமுன் அடுத்த கேள்வி வந்துவிடும். இடையிலிருந்து கேட்டுப் பழக்குங்கள்.

டிரிப் நாளுக்கு: தூக்கி எறியக்கூடிய பையில் சாப்பாடு. கண்ணாடி பாட்டில், கடலை மிட்டாய், நிலக்கடலைச் சட்னி வேண்டாம். சில பள்ளிகளில் ஒவ்வாமைக்காக எள்ளும் ஆகாது. இட்லிப் பொடியில் எள் இருப்பது நமக்கு மறந்தே போகும். சாம்பார் வைக்காதீர்கள், கோச்சில் பை கவிழும். உலர்ந்த தோசைச் சுருள், சப்பாத்தி ரோல் சரி. இலவச மதிய உணவுப் பிள்ளைகளுக்குப் பள்ளியே பொட்டலம் தரும், ஆனால் முன்கூட்டியே ஆப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். குடை வேண்டாம், தொப்பி வைத்த மழைக்கோட்டு. வாந்தி மாத்திரையை வீட்டிலேயே கொடுத்து அனுப்புங்கள். பையில் போட்டுவிட்டால் படிவம் இல்லாமல் எந்த டீச்சரும் அதைத் தொடமாட்டார்.